கடலில் விழுந்த புள்ளிகள்

ஸ்மைலினிடம் என்ன வேலை என்று யாராவது கேட்டால், "மேப் வேலை" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள். முன்பெல்லாம் இப்படியில்லை. முன்பு கேட்டிருந்தால் கேட்டவர் பாடு திண்டாட்டம்தான். கல்யாண வீட்டுப் பந்தியில் பருப்புக்காகக் காத்திருக்கும் மனிதரைக்கூட விடமாட்டாள். அப்பளத்தை நொறுக்கி இலையில் பரப்பி, "இந்த இலை நம்ம மாவட்டம்னு வச்சுக்கிடுங்க, இந்தத் துண்டு ஒவ்வொண்ணும் ஒரு வண்டி" என்று தொடங்கிவிடுவாள். இலைக்கு வெளியே தெறித்த துண்டுகளை விரலால் சுண்டிவிடுவாள். கெட்டிக்காரி. அது தனக்கே கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்த கெட்டிக்காரி.

இரணியல் ஸ்டேஷனிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வீடு. அப்பா நேசையன் பள்ளிக்கூட கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா சத்தியபாய் சர்ச் சபையில் பெண்கள் ஐக்கியத்துக்குச் செயலாளர். ஸ்மைலின் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, நாலு வருஷம் காலை ரயிலில் திருவனந்தபுரம் போய் மாலை ரயிலில் திரும்பினாள். பிறகு ரயிலும் அலுத்து, கணவன் மஸ்கட்டுக்குப் போனதும், நாகர்கோவிலில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியிலிருந்த சின்னக் கம்பெனியில் சேர்ந்தாள். மொத்தமே பதினேழு பேர். அதில் ஆறு பேர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள்.

அந்தக் கம்பெனி நடத்தியது ஓர் அவசர உதவிச் சேவை. பெயர் 'அருகில்'. போனில் அந்த ஆப்பைத் திறந்து சிவப்பு பட்டனை அமுக்கினால், அமுக்கியவர் நிற்கிற இடம் நாகர்கோவில் மாடிக்கு வந்துசேரும். அவருக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் ஐந்து வண்டிகளைக் கணினி தேடி எடுக்கும். ஆம்புலன்ஸ், ஜீப், ஆட்டோ எல்லாம் சேர்த்து இருநூற்றுப் பன்னிரண்டு வண்டிகள் பெயர் கொடுத்திருந்தன. ஹெட்போன் பெண்களின் திரையில் சிவப்புப் புள்ளியும் அதைச் சுற்றி ஐந்து பச்சைப் புள்ளிகளும் தெரியும். பிறகு அவர்கள் போன் போட்டு ஆளை அனுப்புவார்கள்.

நல்ல சேவைதான். ஆனால் ஏழெட்டு மாதத்தில் நொண்ட ஆரம்பித்தது. ஒவ்வொரு வண்டியும் நிமிஷத்துக்கு ஒரு முறை, நான் இங்கே நிற்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு மூன்று லட்சம் வரி. எல்லாம் ஒரே அட்டவணையில் விழுந்து ஏழு கோடியைத் தாண்டிவிட்டது. எவரோ மார்த்தாண்டத்தில் பட்டனை அமுக்கினால் கணினி ஏழு கோடி வரியையும் ஒன்றுவிடாமல் புரட்டிப் பார்த்துவிட்டு, பதினோரு விநாடி கழித்துப் பதில் சொல்லும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறவனுக்குப் பதினோரு விநாடி சின்ன நேரமில்லை.

இதைத்தான் ஸ்மைலின் சரி செய்தாள். புதிதாக வந்தவள், மூன்று வாரம் பிடிவாதமாக உட்கார்ந்து செய்தாள். இரணியலில் இறங்கி ஒரு வீட்டைத் தேடுகிற ஆள், மாவட்டத்தின் எல்லாக் கதவையும் தட்டிக்கொண்டு வரமாட்டார். முதலில் ஊர், பிறகு தெரு, பிறகு வீடு. அதே மாதிரி பூமியைப் பெட்டிகளாகவும், பெட்டிக்குள் பெட்டிகளாகவும் பிரித்து ஒரு இண்டெக்ஸ் போட்டாள். புள்ளி எந்தப் பெட்டியில் விழுகிறதோ அதையும் அதன் பக்கத்துப் பெட்டிகளையும் பார்த்தால் போதும். மற்ற கோடிகளைத் தொடவே வேண்டாம். வண்டிகள் இப்போது நிற்கிற இடத்தைச் சின்னதாகத் தனி அட்டவணையில் வைத்தாள். பழைய வரிகளை மாதம் மாதமாகப் பிரித்து ஒதுக்கினாள். பதினோரு விநாடி நாற்பது மில்லிசெகண்ட் ஆனது. அதாவது கண் இமைக்கிற நேரத்தில் பாதிகூட இல்லை.

"கொள்ளாம்லா!" என்று ராஜகுமார் மேசையில் தட்டினார். அவர்தான் முதலாளி. மற்றவர்களைப் பாராட்டிப் பழக்கமில்லாத மனிதர். அன்றைக்கு எல்லோருக்கும் கீழே பேக்கரியிலிருந்து மட்டன் பப்ஸ் வந்தது.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அடுத்த வாரம் வெளியூரிலிருந்து ஓர் அறக்கட்டளையின் ஆட்கள் பார்க்க வருவதாக இருந்தது. அவர்களுக்குக் காட்ட, இதுவரை பட்டன் அமுக்கப்பட்ட இடங்களையெல்லாம் சிவப்புப் புள்ளிகளாக மாவட்ட மேப்பில் ஸ்மைலின் போட்டுப் பார்த்தாள். தக்கலை, குளச்சல், மயிலாடி என்று புள்ளிகள் அழகாக விழுந்திருந்தன. கரைக்கு வெளியே, நீலத்தில், முப்பது நாற்பது புள்ளிகள் அம்மைத் தழும்பு மாதிரி சிதறிக் கிடந்தன. போன் சில நேரம் தப்பான இடம் சொல்லும் என்பது அவளுக்குத் தெரியும். ஒன்றிரண்டு ஆப்பிரிக்காப் பக்கம்கூட விழுந்திருந்தன. எனவே புரோகிராமில் ஒரு வரி எழுதினாள். வருவாய்த் துறை மேப்பிலிருந்து மாவட்டத்தின் எல்லைக்கோட்டை எடுத்தாள். உள்ளே வருகிற ஒவ்வொரு அழைப்பும் முதலில் அந்தக் கோட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்கப்படும். வெளியே இருந்தால் 'கழிவு' என்று பெயரிட்ட அட்டவணைக்குப் போய்விடும். யார் திரையிலும் வராது. திங்கள்தோறும் கழிவைக் காலி செய்வது அவள் வேலை.

நிலத்து மேப்பில் மாவட்டம் கரையோடு முடிந்துவிடும். அதை அவள் யோசிக்கவில்லை.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் குற்றமிருக்கிறது. வீட்டிலிருந்து கடல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பள்ளிக்கூடத்தில் முட்டம் கலங்கரை விளக்கைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். கல்யாணம் முடிந்து அங்கே பாறைமேல் நின்று போட்டோ எடுத்தார்கள். அவ்வளவுதான் கடல். வீட்டில் மீனில்லாமல் சோறு இறங்காது. விளமீனா நெய்மீனா என்று மணத்தை வைத்தே சொல்லிவிடுவாள். அந்த மீனைப் பிடிக்க ஒருவன் அங்கே போய் நின்றாக வேண்டும் என்பது மட்டும் முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் அவள் நினைப்புக்கு வந்ததில்லை.

வந்திருக்க வேண்டும். ஏனென்றால் ஒருத்தி கேட்டாள்.

புது முறையை விளக்கும் கூட்டம் அது. ஹெட்போன் பெண்களும் வந்து பின்னால் நின்றார்கள். அவர்களில் மூத்தவள் விக்டோரியா, முட்டத்துக்காரி. நாற்பத்தைந்து வயது, சத்தமில்லாத பேச்சு. அழைக்கிறவன் எவ்வளவு பதறினாலும் "பேடிக்காதீங்க, நான் பேசிட்டுதான் இருக்கேன்" என்று அவள் சொல்வதைக் கேட்டால் பக்கத்தில் இருப்பவர்களுக்கே பதற்றம் அடங்கிவிடும். ஸ்மைலின் பழைய மேப்பையும் சுத்தமான மேப்பையும் அடுத்தடுத்துக் காட்டியபோது விக்டோரியா கொஞ்சம் முன்னால் வந்தாள்.

"மோளே, அந்தக் கடல்ல கெடந்த புள்ளி எங்க போச்சு?"

"அதெல்லாம் எரர் அக்கா. தூக்கியாச்சு."

"இல்ல, கடல்ல இருந்தும் ஆளு அமுக்கும் இல்லியா..."

"கடலுக்குள்ள யாருக்கா ஆட்டோ கூப்பிடப் போறா?" என்றாள் ஸ்மைலின்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ராஜகுமார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விக்டோரியாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஸ்மைலினுக்கு அன்று முழுக்க அந்தப் பதிலை நினைத்து உள்ளுக்குள் ஒரு குளுமை.

பதினொரு வாரம் எல்லாம் நன்றாக நடந்தது.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. விக்டோரியாவின் தம்பி ஜேசுதாஸும் அவன் கூட்டாளி எபிசனும் விடியும் முன்பே முட்டத்திலிருந்து ஃபைபர் வள்ளத்தில் போனார்கள். பதினைந்து வருஷமாக இருவரும் ஒரே வள்ளம். கரையிலிருந்து ஆறு கிலோமீட்டரில் ஓர் அலை வள்ளத்தைக் குப்புறக் கவிழ்த்துவிட்டது. எஞ்சின் போச்சு, வலை போச்சு. இருவரும் கவிழ்ந்த வள்ளத்தின் முதுகைப் பிடித்துத் தொங்கினார்கள். ஜேசுதாஸின் போன் பிளாஸ்டிக் உறைக்குள், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கியது. அதில் 'அருகில்' ஆப்பைப் போட்டுக் கொடுத்ததே விக்டோரியாதான். மலைப்பக்கத்து டவர் ஒன்றின் சிக்னல் அந்தத் தூரத்தில் விட்டுவிட்டுக் கிடைக்கும். ஜேசுதாஸ் உறையோடு சேர்த்து பட்டனை அமுக்கினான். மூன்று முறை அமுக்கினான். பிறகு உறைக்குள் தண்ணீர் புகுந்து போன் அணைந்துவிட்டது.

எட்டு மணி வாக்கில் தொலைவில் வேறொரு வள்ளம் போவது தெரிந்தது. எபிசன் நல்ல நீச்சல்காரன். நீந்திப்போய்ப் பிடித்துவிடலாம் என்றான். ஜேசுதாஸ் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான். "போகாத மக்கா. நான் அமுக்கியாச்சு. இன்னைக்கு அக்காக்குக் காலை டூட்டி. அவ பாத்திருப்பா, இப்ப ஆளு வரும்." எபிசன் நின்றான். அந்த வள்ளம் போய்விட்டது.

அந்த நேரத்தில் விக்டோரியா நாகர்கோவில் மாடியில் திரைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். திரை சுத்தமாக இருந்தது.

பத்தரை மணிக்கு வள்ளம் திரும்பவில்லை என்று ஊரில் சந்தேகம் வந்தது. வேதக்கோயில் மைக்கில் அறிவித்தார்கள். எட்டு வள்ளங்கள் தேடப் போயின. எங்கே என்று தெரியாமல் நாலா பக்கமும் போயின. மாலை மூன்று மணிக்கு, நீரோட்டம் இழுத்துப்போன இடத்தில், பக்கத்து ஊர் வள்ளம் ஒன்று இருவரையும் கண்டு தூக்கியது. உயிர் இருந்தது. ஜேசுதாஸுக்குத் தோள்பட்டை விலகியிருந்தது. உப்புத் தண்ணீர் நெஞ்சில் ஏறி எபிசன் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு கிடந்தான்.

ஸ்மைலினுக்குச் செய்தி சனிக்கிழமையே தெரியும். பாவம் என்று நினைத்தாள். கடலில் ரேஞ்ச் இருக்காது என்றும் நினைத்தாள். திங்கள் காலை வழக்கம்போலக் கழிவைக் காலி செய்ய உட்கார்ந்தபோது, எதற்கோ, விக்டோரியா அலுவலகப் பதிவில் கொடுத்திருந்த தம்பியின் நம்பரை எடுத்து அதில் தேடிப் பார்த்தாள். இருக்காது என்று நிச்சயம் செய்துகொள்ளத்தான்.

நாற்பது மில்லிசெகண்டில் பதில் வந்தது. மூன்று வரி. வெள்ளி காலை 6.41. 6.44. 7.02.

தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடிக்காமல் மூடி வைத்தாள். காது மடல் கொதித்தது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பார்த்ததற்காகவும் சேர்த்து வெட்கப்பட்டாள்.

பிறகு இன்னொன்றைச் செய்தாள். அந்த எல்லைச் சோதனையை நீக்கிவிட்டு வேகத்தை அளந்து பார்த்தாள். முப்பத்தெட்டு மில்லிசெகண்ட் நாற்பதானது. வேகமெல்லாம் இண்டெக்ஸிலிருந்து வந்தது. கடலைத் தூக்கி எறிந்ததில் மிச்சமானது இரண்டு மில்லிசெகண்ட். அதைக்கூட அவள் அன்றைக்கு அளந்து பார்க்கவில்லை. வேகத்துக்காக என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மையில் அறக்கட்டளைக்காரர்களுக்கு மேப் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் செய்தாள்.

கழிவில் அந்த வாரத்து வரிகள் மட்டும்தான் இருந்தன. அதற்கு முந்தைய வாரங்களில் யார் யார் அங்கே விழுந்தார்கள், அவர்கள் கரைக்கு வந்தார்களா என்று சொல்ல இனி யாராலும் முடியாது. ஒவ்வொரு திங்களும் தன் கையாலேயே துடைத்து வைத்திருந்தாள்.

ராஜகுமாரிடம் போய்ச் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சரி பண்ணியாச்சா?"

"பண்ணியாச்சு சார். எல்லைய எடுத்தாச்சு. இனி கடல்ல இருந்து வந்தாலும் ஸ்கிரீன்ல வரும்."

"பெறகென்ன? கடல்ல ரேஞ்ச் இருக்காதுன்னுதான் எல்லாரும் நெனப்பாங்க. நாமளா போய் வாயக் குடுத்து வாங்கிக் கட்டணுமா? சவத்த விடு பிள்ளே. உசுரு போகலல்லா."

அவர் கெட்டவரில்லை. பதினேழு பேருக்குச் சோறு அந்த மாடியிலிருந்துதான். ஸ்மைலினும் அவர் சொன்னதை ஒரு மருந்து மாதிரி வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். மருந்து இரண்டு மணி நேரம்கூடக் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லோரும் எழுந்து நின்று பாவ அறிக்கை சொன்னார்கள். சின்ன வயதிலிருந்து மனப்பாடம். நூறு பேர் ஒரே குரலில் சொல்லும்போது யாருக்கும் வெட்கமாக இருப்பதில்லை, சொல்லி முடித்ததும் கைக்குட்டையால் விசிறிக்கொள்வார்கள். அன்றைக்கு அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்கும் எழுந்து போகவில்லை. சத்தியபாய் வீட்டுக்கு வந்ததும், "ஒனக்கு என்னவாக்கும்? எல்லாரும் பாத்தாங்க" என்று கடிந்துகொண்டாள். அன்று குழம்பில் கிடந்த சாளை மீனை ஸ்மைலின் ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்தாள்.

வியாழக்கிழமை விக்டோரியா வேலைக்குத் திரும்பினாள். நேராக ஸ்மைலினின் மேசைக்குத்தான் வந்தாள். இளைத்திருந்தாள். தெரிந்துவிட்டது என்று ஸ்மைலின் நினைத்தாள். தெரிந்திருந்தால் நல்லது என்றும் ஒரு நிமிஷம் நினைத்தாள்.

"மோளே, ஒரு உபகாரம் செய்யணும்" என்றாள் விக்டோரியா. "என் தம்பிக்குப் படிப்பு கெடையாது. பட்டன சரியா அமுக்கல போல. நானும் ஒழுங்காச் சொல்லிக் குடுக்கல. என் மேலதான் தப்பு."

"அக்கா..."

"கேளு. ஊர்ல அவன இப்ப 'பட்டன்'னு கூப்பிடுதானுவ. சின்னப் பிள்ளையளும் கூப்பிடுது. அதுகூடப் போகட்டும், எபிசன் இனி வேற வள்ளத்துலதான் போவானாம். 'அமுக்கியாச்சு, அமுக்கியாச்சுன்னு சொல்லி என்னையக் கொல்லப் பாத்தான், அவன் வாய நம்பி இனி நான் கடலுக்கு வரமாட்டேன்'னு சொல்லிப்போட்டான். பதினஞ்சு வருசம் ஒண்ணாப் போனவன். என் தம்பி வீட்ட விட்டு வெளிய வாறதில்ல. நான் அமுக்கத்தான் செய்தேன்னு சொல்லிட்டே இருக்கான், யாரு நம்புகா? எனக்கே நம்பிக்க இல்ல. நான் ஸ்கிரீனப் பாத்துட்டுல்லா இருந்தேன்."

ஸ்மைலின் மேசையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதனால நீ ஞாயித்துக்கெழம வந்து ஒரு கிளாஸ் எடுக்கணும். அன்னைக்கு யாரும் கடலுக்குப் போகமாட்டாங்க. பூசை முடிஞ்சு கோயில் பங்கு ஹால்ல ஆளு கூடும். எப்படி அமுக்கணும், எவ்வளவு நேரம் அமுக்கணும்னு நீ பைய சொல்லிக் குடு. எங்க ஆளுங்களுக்குத் தெரியாதுல்லா. நீ படிச்ச பிள்ளை."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். எதிரில் ஒருத்தி மட்டும்தான். "வாறேன் அக்கா" என்றுதான் வாயிலிருந்து வந்தது. விக்டோரியா அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று ஸ்மைலினுக்குத் தெரியவில்லை.

மஸ்கட்டிலிருந்து கணவன் போனில் கேட்டான், ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று. ஜலதோஷம் என்றாள். கிளாஸுக்கு வேண்டிய படங்களைத் தயார் செய்தாள். பட்டனை எப்படி அமுக்குவது என்று ஒரு படம், விரல் வரைந்து. ஈரக் கையால் அமுக்கக் கூடாது என்று ஒரு படம். அதைச் செய்துகொண்டிருக்கும்போதே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் செய்து முடித்தாள்.

ஞாயிறு காலை சபைக்குப் போகாமல் முட்டத்துக்கு பஸ் ஏறினாள். ஹாலில் ஐம்பது அறுபது ஆண்கள் வெள்ளை வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையுமாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் ஒரு ஓரமாக நின்றார்கள். முதல் வரிசையில், தோளில் கட்டோடு ஒருவன். அக்கா பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்திருக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது. தலை நிமிரவில்லை. பின்னால் யாரோ "பட்டன் வந்தாச்சு, இனி தொடங்கலாம்" என்றார்கள். சிரிப்பு கிளம்பியது. கதவோரமாக மெலிந்த ஒருவன் சுவரில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தான். அவன்தான் எபிசன் என்று விக்டோரியா காட்டினாள். அவன் சிரிக்கவில்லை, ஜேசுதாஸைப் பார்க்கவும் இல்லை.

விரல் வரைந்த படம் சுவரில் விழுந்தது. ஸ்மைலின் மைக்கை வாங்கினாள்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பட்டன எப்படி அமுக்கணும்னு சொல்லித்தரத்தான் என்னைய..." என்று தொடங்கினாள். முதல் வரிசையில் ஜேசுதாஸ் மெதுவாகத் தலையைத் தூக்கி, பாடம் கேட்கும் பிள்ளையின் பணிவோடு அந்த விரலைப் பார்த்தான். இடது கையால் மடியிலிருந்த ஒரு பழைய போனை எடுத்து, படத்தில் இருப்பதுபோலவே பெருவிரலை வைத்துப் பார்த்துக்கொண்டான்.

அதற்குமேல் அவளால் முடியவில்லை. படத்தை அணைத்தாள்.

"இவர் சரியாத்தான் அமுக்கினார்" என்றாள். "அன்னைக்கு மூணு தடவை அமுக்கினார். மூணும் எங்களுக்கு வந்துச்சு. நான்தான் அதக் குப்பையில போட்டேன்."

ஹாலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவள் மேப்பைத் திறந்தாள். முட்டம், பாறை, விளக்கு, கோயில். கரைக்கு வெளியே நீலத்தில் மூன்று சிவப்புப் புள்ளிகள். பக்கத்தில் மூன்று நேரங்கள். கடலில் விழுகிற புள்ளியெல்லாம் தப்பு என்று தானே முடிவு செய்ததையும், அதற்காக ஒரு வரி எழுதியதையும், அதனால்தான் விக்டோரியாக்காவின் திரையில் ஒன்றும் வரவில்லை என்பதையும் சொன்னாள். இரண்டு வாரமாகத் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னாள். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அதை மட்டும் விழுங்கிக்கொண்டாள்.

பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். "அப்போ இதுக்கு முன்னால எங்க ஆளு எவனும் அமுக்கியிருந்தா?"

"தெரியாது ஐயா. வாரா வாரம் அழிச்சாச்சு."

"அழிச்சாச்சு" என்று அவர் திருப்பிச் சொன்னார். ஹாலில் பெகளம் எழுந்தது. நாற்காலிகள் நகர்ந்தன. கரையில ஏசியில இருக்கவளுக்கு நாம எல்லாம் ஆளாத் தெரியுமா என்று ஒரு பெண் குரல் உரக்கக் கேட்டது. ஸ்மைலின் நின்றாள். திட்டட்டும் என்று நின்றாள். சொல்லப்போனால் அதற்காகத்தான் வந்திருந்தாள். நாலு பேர் நன்றாகத் திட்டிவிட்டால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று அவளுக்குள் எங்கோ ஒரு கணக்கு இருந்தது.

ஜேசுதாஸ் எழுந்து சுவர்ப் பக்கம் வந்தான். மேப்பில் அந்த மூன்று புள்ளிகளையும் கிட்டத்தில் நின்று பார்த்தான். கடலில் இடம் குறிக்கிற வழக்கப்படி, கோயிலிலிருந்து ஒரு கோடும் விளக்கிலிருந்து ஒரு கோடும் விரலாலேயே இழுத்து, இரண்டும் சந்திக்கும் இடத்தைத் தொட்டான். அது முதல் புள்ளியின்மேல் விழுந்தது.

"இங்கதான் மறிஞ்சது" என்றான். "இதே எடந்தான். மூணும் வந்துச்சா?"

"வந்துச்சு அண்ணா."

"மொத தடவையே வந்துச்சா?"

"மொத தடவையே."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. அதை அவள் எதிர்பார்க்கவே இல்லை. கட்டுப்போட்ட தோளோடு முழு உடம்பையும் திருப்பிக் கதவைப் பார்த்து, "லேய் எபிசா, கேட்டியா? நான் சரியாத்தான் அமுக்கியிருக்கேன்! மொத தடவையே போயிருக்கு! நான் பொய் சொல்லல மக்கா!" என்று கத்தினான். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. எபிசன் சுவரிலிருந்து விலகி, நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். பேச வந்து இருமினான். ஜேசுதாஸின் நல்ல தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

பிறகு ஜேசுதாஸ் ஸ்மைலினிடம் திரும்பி, "ரொம்ப உபகாரம் மோளே, வந்து சொன்னியே" என்றான். மனதார நன்றி சொன்னான். எட்டு மணி நேரம் சாவின் வாயில் தொங்கியவன், அதற்குக் காரணமானவளைக் கையெடுத்துக் கும்பிட்டான். ஸ்மைலினுக்குக் காலின் கீழே தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. திட்டை வாங்கிக்கொள்ள வந்தவளுக்கு இதை வாங்கிக்கொள்ளும் தெம்பு இல்லை.

ஆட்கள் கலைய நேரமாயிற்று. லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைக்கும்போது விக்டோரியா பக்கத்தில் வந்து நின்றாள். மின்கம்பியைச் சுருட்டி ஸ்மைலினிடம் கொடுத்தாள்.

"அக்கா, அன்னைக்கு நீங்க கேட்டீங்க. நான்தான் கேலி பண்ணினேன்" என்றாள் ஸ்மைலின். "என்னைய நாலு வார்த்த கேளுங்க அக்கா."

விக்டோரியா சுவரைப் பார்த்தாள். அங்கே இப்போது மேப் இல்லை, வெறும் சுண்ணாம்பு.

"ஒன்னைய நான் என்ன கேக்க?" என்றாள். "நீ அப்படிச் சொன்னப்ப நானும் ஒங்க கூடச் சேந்து சிரிச்சேன்லா மோளே. என் தம்பி கடல்ல போறவன். நானும் சிரிச்சேன்."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்குச் சிரித்தபோதும் இப்படித்தான் பொத்தியிருந்தாள்.